வெயில் விழுங்கிய நெருப்பு

முற்றத்தில் போட்டிருந்த துடைப்புத் துணியின் ஓரம் கறுத்து உள்ளே சுருண்டுகொண்டிருந்தது. பாலிஷ்காரர் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். புகை இல்லை, தீயும் இல்லை. உச்சி வெயில் சிமெண்டுத் தரையில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவில் அப்போதுதான் பூசிய அரக்கின் மணம், பசை காய்ச்சும் சின்ன அடுப்பின் சீறல், உள்ளே மெத்தை உறை தைக்கும் மனைவியின் தையல் மிஷின் தடதடப்பு, எல்லாம் தினமும் இருப்பதுபோலவே இருந்தன. அந்தத் துணி மட்டும் யாரோ தின்பதுபோலக் குறைந்துகொண்டே வந்தது.

வெயில் கொஞ்சம் அதிகம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அரக்கைக் கரைக்க முப்பது வருடமாக ஒரே கடை ஸ்பிரிட்தான். அந்தக் கடை பூட்டிக் கிடந்ததால், பெயிண்ட் வியாபாரம் செய்யும் மைத்துனன் காலையில் வேறொரு கேனை வாசற்படி ஓரம் இறக்கிவைத்தான். மேலே மெத்தனால் என்று எழுதியிருந்தது. இதுவும் ஆல்கஹால்தான், பெயிண்ட், பிளாஸ்டிக், பந்தய வண்டி என்று இது போகாத இடமில்லை என்றான்.

“குடிச்சா கண்ணு போயிடும் மாமா. குடிக்காம இருந்தா ஒண்ணும் பண்ணாது.”

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

சற்று முன் அந்தக் கேனைச் சாய்த்தபோது கை தவறிக் கொஞ்சம் கொட்டியிருந்தது. துணியால் ஒற்றி எடுத்தார். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். குச்சியை உதறி எறிந்தார்.

எங்கே எறிந்தார்?

முற்றத்தின் நடுவில் காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்த சுவர் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளிந்தது. குனிந்து கையை நீட்டினார். புறங்கை முடி பொசுங்கும் நாற்றம் முதலில் வந்தது. வலி அப்புறம்தான்.

எரிகிறது. பழைய ஸ்பிரிட் எரிந்தால் மஞ்சள் நுனியாவது கண்ணுக்குத் தெரியும். இதில் கரியில்லை, புகையில்லை. இருக்கிற இத்தனூண்டு நீலத்தையும் வெயில் விழுங்கிவிட்டது.

எதுவரை எரிகிறது? ஒரு அடி பின்வாங்கினார். கணுக்காலில் சூடு. இந்தப் பக்கமும் இருக்கிறது. கேனைப் பார்த்தார். அடித்தகரத்தின் ஒட்டு விட்டிருந்தது. அங்கிருந்து ஓர் ஈரக்கோடு முற்றத்துக்குள் இறங்கி வந்திருந்தது.

தையல் சத்தம் நின்றது.

மனைவி உறையைக் கையில் பிடித்தபடி வாசற்படிக்கு வந்தாள். அளவு கேட்கத்தான் வந்திருப்பாள்.

“வராத. அங்கயே நில்லு. நெருப்பு.”

அவள் தரையைப் பார்த்தாள். சுத்தமான தரை. பளிச்சென்ற வெயில்.

“எங்கங்க? ஒண்ணுமே இல்லையே.”

இறங்கினாள்.

இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். காலைப் பார்த்தாள். உறை கீழே விழுந்தது. ஒன்றுமில்லாத காற்றை இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அலமாரியை மூடும் தடித்த போர்வையை உருவிக்கொண்டு அவர் ஓடினார். பார்த்து ஓட வழியில்லை. அவளைச் சுற்றிப் போர்த்தி இறுக்கினார். முழங்கால். இடுப்பு. சட்டைக் கை. எங்கும் சூடு, எதுவும் தெரியவில்லை. இருவரும் பிடித்த பிடி விடாமல் சுழன்றார்கள்.

எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் கைதட்டிச் சிரித்தாள்.

“ஏய், சீக்கிரம் வந்து பாரேன். பட்டப்பகல்ல ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு ஆடறாங்க.”