முட்டைப் பையோடு ஒரு சாட்டைத் தேள்

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து ஆய்வறையைத் திறந்தேன். வினிகர் நெடி மூக்கில் ஏறியது. அன்றைக்கும்தான்.

சாட்டைத் தேள் பெயரில்தான் தேள். விஷம் இல்லை, கொடுக்கும் இல்லை. வால் என்ற பேரில் சாட்டை மாதிரி ஒரு நூல். சீண்டினால் அதன் அடியிலிருந்து வினிகர் நெடியுள்ள அமிலத்தைக் குறிபார்த்துப் பீய்ச்சும். பூட்டிய அறையில் நெடி அடித்தால் யாரோ சீண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாவியோ என்னிடம் மட்டும்தான்.

கண்ணாடிப் பெட்டி ஒன்றில் ஒரு தாய் இருந்தது. வயிற்றடியில் முட்டைப் பையைச் சுமந்துகொண்டு, தீனி தொடாமல், மண்வளைக்குள் கிடந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் முட்டையிட்ட முதல் தேள். தொந்தரவு தொடர்ந்தால் பையை உதறிவிடும். என் ஆராய்ச்சியும் அதோடு போகும்.

இயக்குநரிடம் மறுபடியும் போய் நின்றேன்.

"காற்றோட்டக் கோளாறுப்பா. குழு போட்டிருக்கேன்."

"எப்போ கூடும் சார்?"

"தலைவர் அமையணும்ல."

"முட்டை காத்திருக்காது சார்."

"காத்திருக்கச் சொல்லு."

பழைய இயக்குநர் குழுவெல்லாம் போட மாட்டார், நேரே சொற்பொழிவுதான். எந்த விருந்தாளி வந்தாலும் பிரஷ் காம்பால் தேளைக் குத்துவார். அது பீய்ச்சியதும், "தற்காப்பு" என்று தானே கற்றுக்கொடுத்தது போலப் பூரிப்பார். போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பேசியும் அவரளவு நேரம் பேச முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே காவல் உட்கார்ந்தேன். இருட்டுப் பிராணிகள் என்பதால் ஜன்னல்களை அடைத்திருந்தோம். மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நான் இல்லை.

மேசையிலிருந்த பிரஷ் எழுந்தது. பெட்டியின் மூடி விலகியது. காம்பு மண்வளையைக் குடைந்தது.

தாய் வாலை நிமிர்த்திப் பீய்ச்சியது.

துளிகள் கீழே விழவில்லை.

அந்தரத்தில் ஒட்டி, மெல்ல வழிந்தன. வழிந்த இடத்தில் ஒரு நெற்றி, ஒரு மூக்கு, மூடாத இரண்டு கண்கள்.

"தற்காப்பு," என்றது அது.

பெட்டியை வாரி அணைத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்று பார்த்தேன். பை பத்திரமாக இருந்தது. அனுமதி கேட்டால் அதற்கொரு குழு போடுவார்கள். கேட்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய், அலமாரியின் அடித்தட்டில் வைத்துச் சாத்தினேன்.

மனைவி தண்ணீரோடு வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்க கூட வந்தவர் யாருங்க?"

"யாரும் வரலையே."

"குழாயடியில நின்னு கண்ணைக் கழுவிக்கிட்டே இருக்காரே. எரிச்சல் அடங்கலையாம். பெட்டியை எங்க வச்சீங்கன்னு கேட்டார். சொல்லிட்டேன்."