செத்தவர் போட்ட ஓட்டு

"இன்னைக்கு மத்தியானம் நான் செத்துப்போவேன், கிளேட்டன். செத்து முடிச்சதும் ஓட்டுப் போடுவேன்!"

சட்டசபை கேன்டீனில், அப்பத்தின் மேல் மேப்பிள் பாகை ஆறாக ஓடவிட்டபடி சொன்னார் ஆரின் ஆஸ்ட்பி. எண்பது தாண்டிய எம்.எல்.ஏ.

கிளேட்டன் சிரித்தான். கவர்னரின் வலது கை அவன்.

"செத்துப்போறதை நம்பறேன் பெரியவரே. ஓட்டுதான் இடிக்குது!"

ஆஸ்ட்பியின் சொந்த ஊரில் இருந்த ஒரே ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற ஒரு மசோதா. சபை நிறைவேற்றியது. கவர்னர் வீட்டோ போட்டுத் தூக்கி எறிந்தார்.

வீட்டோவை உடைக்கச் சபைக்கு வழி உண்டு. வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 'ஆம்' சொல்ல வேண்டும். வந்தவர்கள் தொண்ணூறு. வேண்டியது அறுபது.

ஆஸ்ட்பி கோஷ்டியிடம் இருந்ததோ ஐம்பத்தெட்டு!

ஆனாலும் கிளேட்டன் தலைகளை மறுபடி மறுபடி எண்ணினான். 'வீட்டோ உடைஞ்சா நீ ஆபீஸ் பக்கமே வராதே' என்றிருந்தார் கவர்னர்.

மத்தியானம்...

"ஐயோ...!"

அலறலில் கூரைப் புறாக்கள் பக்கத்து மாநிலத்துக்கே பறந்தன!

ஆஸ்ட்பி மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார்.

லொரெய்ன் டூஃபெக் ஓடிவந்தாள். அவளும் எம்.எல்.ஏ.தான். சபை இல்லாத நாளில் மாட்டு டாக்டர். கழுத்தில் விரல் வைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"முடிஞ்சுது!"

வாசலில் நின்ற கிளேட்டனின் நெஞ்சு குட்டிக்கரணம் அடித்தது. ஐம்பத்தேழு!

சபைக்குள் போன் பேசக் கூடாது. உள்ளே இருந்த தன் கட்சி எம்.எல்.ஏ. பெருந்தலைகள் மூவருக்குக் கைகாட்டினான்.

"வெளியே வாங்கப்பா! கவர்னருக்கு நல்ல சேதி சொல்லுவோம்!"

வந்தார்கள். முதுகில் தட்டிக்கொண்டார்கள். கிளேட்டன் நம்பரை அழுத்தினான்.

டிர்ர்ர்ர்...!

சபை மணி! பின்னால் கதவு மூடித் தாழ் விழுந்தது.

"ரூபி! கதவைத் திற!"

வாசல் காவலாளி ரூபி நிதானமாகச் சூயிங்கம் மென்றாள். "ஓட்டெடுப்பு ஆரம்பிச்சாச்சு சார். முடியறவரைக்கும் கவர்னரே வந்தாலும் திறக்கமாட்டேன்."

"உள்ளே பிணம் கிடக்குதும்மா!"

"அதுவும் வெளியே போகக் கூடாது சார்!"

கிளேட்டன் கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தினான். தொண்ணூறில் மூணு பேர் வெளியே. உள்ளே எண்பத்தேழு. அதில் மூன்றில் இரண்டு...

ஐம்பத்தெட்டு!

'பரவாயில்ல... கிழவர்தான் காலியாச்சே. அவங்களுக்கு ஒண்ணு குறையுது!'

உள்ளே பெயர் வாசித்தார்கள்.

"ஆஸ்ட்பி!"

பிணம் தலையைத் தூக்கியது.

"ஆம்!"

கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கண்ணும் அடித்தது!

கதவு திறந்ததும் லொரெய்ன்தான் முதலில் வந்தாள். "மன்னிச்சுக்கோங்க கிளேட்டன்... மாட்டு நாடிதான் எனக்கு அத்துப்படி!"

பின்னாலேயே ஆஸ்ட்பி. "நாங்க ஓட்டைக் கூட்டல தம்பி. நீதான் தலையைக் குறைச்சே!"

கிளேட்டன் கையிலிருந்த போனில் கவர்னர் அலறினார்.

"அங்கே என்னய்யா கூச்சல்?"

"சார்... செத்தவர் ஓட்டுப் போட்டுட்டார். வீட்டோ போச்சு."

"குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். சத்தியமா நடந்தது. காலையில சொன்னார், நான்தான் நம்பல. ஆனா, அவர் உயிரோடதான் இருக்கார் சார்..."

கிளேட்டன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான்.

"செத்தது நான்தான்!"