பதினோரு பேருக்கு மூன்று காப்பு

ஏழே காலுக்கு ஜெனோவா கையிலிருந்த காப்பைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, ரெஜினாளிடம் நீட்டினாள். ரெஜினாளுக்கு இருபது நிமிடம். பிறகு அடுத்த ஆள். அந்தக் கடற்கரைத் தீயணைப்பு நிலையத்தில் பதினோரு பேருக்கு மூன்று காப்புகள்தான். நிலையத் தலைவியான ஜெனோவாவும் முறை போட்டுத்தான் கட்டினாள்.

காப்பு, தோல் வழியாக நைட்ரிக் ஆக்சைடை மிக நுண்ணிய அளவில் ரத்தத்துக்குள் கசியவிடும். அந்த வாயுவின் ஆயுள் சில நொடிகளே. அதற்குள் ஆபத்து வரப்போகிறது என்று உயிரணுக்களுக்குச் சொல்லிவிடும். அவை மூடிக் கிடக்கும் காவல் மரபணுக்களைத் திறந்து, சூட்டையும் புகையையும் தாங்கும் புரதங்களைச் செய்து வைத்துக்கொள்ளும்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஹைட்ரஜன் கிடங்கு. அதன் சொந்தத் தீயணைப்புப் படையில் இருபது பேர். ஆளுக்கொரு காப்பு, இரவும் பகலும் கழற்றாமல். படைத்தலைவர் சங்கரலிங்கம் ஜெனோவாவைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன ஜெனோவா, இன்னைக்கு உன் முறை வந்துட்டா?" என்பார். அவள் குனிந்தபடி கடந்து போய்விடுவாள்.

சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் கிடங்கின் மூன்றாம் கூடத்தில் தீப்பற்றியது. இரண்டு படைகளும் உள்ளே போயின. கால் மணி நேரத்தில் கிடங்குப் படையினர் தள்ளாடி வெளியே வந்து வாந்தி எடுத்தார்கள். சங்கரலிங்கம் மட்டும் வரவில்லை. ஜெனோவாவும் ரெஜினாளும் மறுபடி உள்ளே போனார்கள். வாயுக் குழாயின் வால்வருகே சுருண்டு கிடந்தவரை ரெஜினாள் இழுத்து வந்தாள். ஜெனோவா நின்று வால்வை மூடிவிட்டுத்தான் திரும்பினாள். அவளுக்கு மூச்சுகூட அதிகம் இரைக்கவில்லை.

மறுநாள் டாக்டர் நஸ்ரின் இரண்டு படையினரின் ரத்தத்தையும் சோதித்துவிட்டு ஜெனோவாவை அழைத்தாள்.

"உங்க ஆளுங்க செல்லுல காவல் மரபணு அத்தனையும் திறந்திருக்கு. அவங்களுக்கு ஒண்ணுகூடத் திறக்கல."

"அவங்க காப்பு பழுதா டாக்டர்?"

"பழுதில்ல. நிக்காம வேலை செய்யுது. நாள் முழுக்க ஆபத்து, ஆபத்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தா செல் எத்தனை நாளைக்குக் கேக்கும்? காது குடுக்கறத விட்டுடுச்சு. நீங்க இருபது நிமிஷத்துல கழட்டிடறீங்க. அதனால ஒவ்வொரு தடவையும் அது புதுசாக் கேட்டுத் தயாராகுது."

நிலையத்துக்குத் திரும்பியதும் ஜெனோவா எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னாள்.

ரெஜினாள் கையிலிருந்த காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ, நமக்கு இல்லியேன்னு நான் அழுத நாளெல்லாம் என்னக்கா?"

"அன்னைக்கெல்லாம் நாம சரியாத்தான் கட்டியிருக்கோம் ஏட்டி."

எட்டு ஆண்டுகளாகக் கிடங்கு வாசலைக் கடக்கும்போது குனிந்தே போன ஜெனோவாவுக்கு, அன்று தன் ஆட்கள் பத்துப் பேரையும் ஒரு வரிசையில் நிறுத்திப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. நிறுத்தியும் பார்த்தாள்.

கிடங்குப் படையினர் மூன்று மாதம் காப்பில்லாமல் இருக்கவேண்டும், அப்போதுதான் உயிரணுக்களுக்குக் கேட்கும் திறன் திரும்பும் என்றாள் நஸ்ரின். அதுவரை கிடங்கின் காவல் ஜெனோவாவின் ஆட்களிடம் வந்தது.

திங்கட்கிழமை காலை அவர்களுடைய பழைய வண்டி கிடங்கு வாசலில் நின்றது. சங்கரலிங்கமே கதவைத் திறந்தார். ஒரு கையில் கட்டு. இன்னொரு மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.

"வாங்க" என்றார். முதல் முறையாக அப்படி அழைத்தார். "மூணு மாசம் கழிச்சு நாங்களும் உங்கள மாதிரியே கட்டணுமாம். தினம் தவறாம எப்படிச் சமாளிச்சீங்க?"

"அதுல என்ன இருக்கு அண்ணாச்சி. அடுத்த ஆளு வந்து நிப்பாங்க. கழட்டிக் குடுத்துதானே ஆகணும்."

சங்கரலிங்கம் தலையைத் தடவிக்கொண்டார். "எங்கள்ல எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்குமே. யாரு வந்து நிப்பா?"

ஜெனோவா அவருடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். வண்டியை உள்ளே விடச் சொன்னாள். கிடங்குப் படையினர் இருபது பேரும் வெறுங்கையோடு ஒதுங்கி வழி விட்டார்கள்.