ஒருவர் மட்டுமே உட்கார்ந்த நாற்காலி

நாலாவது படத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.

அதை அவள் கவனிக்கவில்லை. இணைய ஏலத்தில் நாற்காலிக்கு விலை கேட்டிருந்த யாரோ ஒருவர்தான் கேள்விப் பகுதியில் எழுதியிருந்தார்: "படம் எடுக்கும்போது யாராச்சும் உட்கார்ந்திருந்தாங்களா? நாலாவது படத்துல மெத்தை பள்ளமா தெரியுதே." நொட்டை சொல்லி விலையை இறக்கப் பார்க்கும் ஆசாமி என்று நினைத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். மெத்தையின் நடுவில் பள்ளம். முன்விளிம்பில் இரண்டு தொடைகள் அழுத்திய தடம். நாற்காலியில் ஆள் இல்லை.

படம் எடுக்கிற விஷயத்தில் அவளிடம் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் நேரம் பார்த்து, சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டி, முன்னால், பின்னால், அடியில் என்று எடுப்பாள். கீறல் இருந்தால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, எத்தனை பெரிய கீறல் என்று தெரியும்படி எடுப்பாள். நாடாவைப் பிடித்து அளந்ததைத்தான் எழுதுவாள். பழைய சாமான்களை வாங்கி இணைய ஏலத்தில் விற்கும் இந்தத் தொழிலால்தான் அவளுடைய தனி வீடு ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. எப்போது வேண்டுமானாலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம். புருஷனை விட்டு வந்தபோது "நீயா? தனியாவா?" என்று வாயைப் பிளந்தவர்கள் எல்லாரும் இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அண்ணனைத் தவிர.

கதை விஷயத்தில் மட்டும் அவள் கொஞ்சம் கைவரிசை காட்டுவாள். 'மர நாற்காலி, நல்ல நிலையில்' என்று எழுதினால் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். சாமானோடு ஒரு ஆளும் வரவேண்டும். கடிகாரம் என்றால் அதற்குச் சாவி கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார். தையல் மிஷின் என்றால் அதை மிதித்தே மூன்று பெண்களைக் கரையேற்றிய அம்மா. அளவில் பொய் சொன்னால் சாமான் திரும்பி வரும், கதையில் சொன்னால் வராது என்பது அவள் கண்ட அனுபவம்.

இதற்கு வைத்த தலைப்பு: 'ஒருவர் மட்டுமே உட்கார்ந்த நாற்காலி.' கீழே எழுதியிருந்தாள்: 'தினமும் மாலையில் ஒரு கணவர் இதில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்தபடி, வேலைக்குப் போன மனைவிக்காகக் காத்திருப்பார். வலது கைப்பிடியில் அவர் விரலால் தட்டிக்கொண்டேயிருந்த இடம் பளபளவென்று இருக்கும். மனைவி கதவைத் திறந்ததும் "வந்துட்டியா?" என்பார். ஒருநாள் அவள் வரவில்லை. அவர் காத்திருப்பதை நிறுத்தவில்லை.'

அப்படிக் காத்திருந்த ஆளை அவளுக்குத் தெரியும். அவள் புருஷனேதான். அவன் கேட்டது 'வந்துட்டியா' இல்லை, 'ஏன் லேட்டு'. பதில் சொல்லி முடிக்கும்வரை செருப்பைக்கூடக் கழற்ற விடமாட்டான். அவன் இப்போது வேறொரு ஊரில் வேறொருத்தியின் உயிரை வாங்கிக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். பட்ட பாட்டுக்கு நாலு காசாவது தேறட்டும் என்று அந்தக் காத்திருப்புக்குச் சர்க்கரை தடவி எழுதினாள். எழுதும்போது சிரிப்புகூட வந்தது.

எழுந்து முன்னறைக்குப் போய்ப் பார்த்தாள். போர்வைக்கு முன்னால் நாற்காலி ஜன்னலைப் பார்த்து நின்றது. மெத்தை நன்றாக உப்பிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அழுத்தினாள், அமுங்கி, உடனே மேலே வந்தது. 'வெளிச்சத்தின் கோளாறு' என்று பதில் எழுதிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சுண்ணாம்பின் வாசனையும், கீழ்வீட்டில் யாரோ இஸ்திரி போடும் துணியின் சூட்டு வாசனையும் கலந்து படிக்கட்டில் கூடவே ஏறி வந்தன. கையில் பேக்கிங் டேப்பும் அட்டைப் பெட்டிகளுமாகத் தடுமாறி, சாவியைத் துளைக்குள் நுழைத்தபோது, உள்ளே டொக், டொக் என்று, குழாய் சொட்டுவதுபோலச் சீராக, ஆனால் குழாய்க்கு இல்லாத ஒரு பொறுமையின்மையோடு, ஏதோ ஒன்று மரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது. நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

சமையல்கட்டு, குளியலறை, கட்டிலுக்கு அடி எல்லாம் பார்த்தாள். யாரும் இல்லை. ஜன்னல் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வாங்கும்போது இரண்டு கைப்பிடிகளும் ஒரே மங்கலாக இருந்தன. பளபளப்பு என்று அவள் எழுதியது, யார் அதைப் போய்த் தடவிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான். இப்போது வலது கைப்பிடியின் நுனியில் ஒரு இடம், விரல் அகலத்துக்கு, எண்ணெய் தேய்த்ததுபோல மின்னியது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

நாற்காலியை விற்ற பழைய சாமான் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்த நாற்காலி யார் வீட்டுது?"

"எந்த வீடும் இல்லம்மா. ஒரு லாட்ஜ மூடுனாங்க, அவங்க குடோன்ல கெடந்தது. மேல சுத்துன பிளாஸ்டிக்க நான்தான் கிழிச்சேன். அதுல ஒருத்தனும் உக்காந்ததே கெடையாது. ஏன், பூச்சி கீச்சி இருக்கா?"

"பூச்சியெல்லாம் இல்லண்ணே."

"அப்ப என்ன? புதுச் சாமானைப் பழசுன்னு சொல்லி விக்கிற மொத ஆளு நீதான். பொழச்சுக்குவ போ." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போன யாரோ ஒருவருடையது என்று சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கு ஒரு ஊர் இருக்கும், திட்டிக் கூப்பிட ஒரு பெயர் இருக்கும். இது அவள் எழுதி உண்டாக்கிய ஆள்; இதற்கு அவளைத் தவிர வேறு நாதி இல்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் அழைத்தான்.

"என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணா. மழை."

"பயமா இருந்தா கெளம்பி வா. உங்க அண்ணி ரூமை ஒழிச்சு வெச்சிருக்கா. எத்தனை தடவதான் சொல்றது, தனியா இருக்க வேணாம்னு."

"வெச்சிருக்கட்டும். அங்க வந்தா வாசப்படி தாண்டுறதுக்கு முன்னாடி எங்க போறன்னு கேப்பீங்க. எனக்கு இங்க ஒரு பயமும் இல்ல."

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல."

போனை வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். கணினியைத் திறந்து அந்தக் கணவர் வருகிற வரிகளை அழிக்கப் போனாள். முடியவில்லை. முதல் ஆள் விலை கேட்டுவிட்டால் ஏலத் தளத்துக்காரர்கள் விளக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட எடுக்க விடமாட்டார்கள்; கீழே சேர்க்க மட்டும்தான் விடுவார்கள். இது அவளுக்குத் தெரிந்த சட்டம்தான். ஏலத்தை ரத்து செய்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். கணக்குப் போனால் வீடு போகும், வீடு போனால் அண்ணி ஒழித்து வைத்திருக்கும் அந்த அறைதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் மரக்கால் ஒன்று தரையில் உராயும் ஓசை மெல்ல, மிக மெல்லக் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் ஒரு பார்சலை அனுப்பிவிட்டு மதியம் வந்தாள். மழை விட்டு, படிக்கட்டு முழுக்க வெயில். கதவைத் திறந்தாள்.

"வந்துட்டியா?"

சன்னமான குரல். ரொம்ப நேரமாகத் தண்ணீர் குடிக்காத ஒருவருடைய குரல். முன்னறையில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலி வாசலைப் பார்த்திருந்தது. மெத்தையில் பள்ளம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றாள். செருப்பைக் கழற்றாமல் நிற்கிறோம் என்பது உறைத்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இந்தப் பூச்சாண்டியெல்லாம் வேற எடத்துல வெச்சுக்க," என்றாள் நாற்காலியிடம். "ஒன்ன மாதிரி ஆளு கூடவே குடித்தனம் பண்ணிட்டு வந்தவ நான்."

செருப்போடேயே உள்ளே போனாள். கணினியைத் திறந்து கீழே சேர்த்தாள்: 'காத்திருந்து காத்திருந்து, இந்த நாற்காலியிலேயே அவர் இறந்துபோனார்.' முடிந்தது கதை. ஆளைத் தீர்த்துக் கட்டிய திருப்தியோடு தேநீர் போட்டுக் குடித்தாள்.

பார்த்தவர்கள் உருகிவிட்டார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. இப்படி ஒரு விலைக்கு அவள் எதையுமே விற்றதில்லை. அன்று சாயங்காலம் தட்டும் சத்தம் வரவில்லை. அடுத்த நாள் காலையிலும் வரவில்லை. அவள் பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு பெருக்கினாள்.

மத்தியானத்துக்குப் பிறகு அந்த வாசனை கிளம்பியது. முதலில், ஜாடியில் நாள்பட நின்ற பூத்தண்ணீர்போல; பிறகு அதற்கு அடியில், வெகுநாள் திறக்காத பெட்டிக்குள் மடித்து வைத்த ஈரத்துணியும் சவரச் சோப்பும் சேர்ந்ததுபோல. ஜன்னல்களைத் திறந்தாள். வாசனை போகவில்லை. முன்னறையில் மட்டும் குளிர்ந்தது. மெத்தையின் பள்ளம் முன்னைவிட ஆழமாகியிருந்தது. ஓரங்களில் ஈரம்.

காற்று வாங்கப் படியிறங்கினாள். தெருமுனைவரை போனாள். வேண்டுமென்றே நின்று, கடைகளை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள்.

கதவைத் திறந்தாள்.

"ஏன் லேட்டு?"

அதை அவள் எழுதவில்லை. எங்கேயும் எழுதவில்லை. புருஷனுடைய குரலும் இல்லை. அதே சன்னமான, வறண்ட குரல். ஆனால் இப்போது மூச்சே இல்லாமல் பேசியது.

பயம். ஓடிவிடலாம். ஒரே ஓட்டம், அண்ணன் வீடு. அங்கேயும் யாராவது கேட்பார்கள். ஏன் லேட்டு? எங்க போன?

அவள் கதவை உள்ளிருந்து சாத்தினாள். கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நாற்காலிக்கு நேர் எதிரே நின்றாள். ஏலம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தப்பும் தவறுமாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினாள்.

'ஒருநாள் மனைவி வந்து அவர் முன்னால் நின்றாள். "எந்திரி" என்றாள். அவர் எழுந்தார்.'

சேர்த்தாள்.

எதுவும் நடக்கவில்லை.

"எந்திரி," என்றாள் வாய்விட்டு. "சொல்றேன்ல? எந்திரிடா!"

மரம் முனகியது. கைப்பிடிகள் இரண்டும் ஒன்றாக முனகின, பாரத்தை அவற்றில் ஊன்றி யாரோ எழுவதுபோல. மெத்தை மெல்ல, பெருமூச்சு விட்டுக்கொண்டு உப்பியது. பள்ளம் மறைந்தது. ஈரம் மட்டும் மிச்சம். அவள் சத்தம்போட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கணினி 'டிங்' என்றது. ஏலம் முடிந்தது. நாற்காலி விற்றுப்போனது.

காலையில் முதல் வேலையாகப் பார்சல்காரரை வரச்சொன்னாள். நாற்காலிக்கு அட்டை சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். வாசனை போய்விட்டிருந்தது, தட்டும் சத்தமும் இல்லை. பார்சல்காரர் தூக்கிப் பார்த்தார்.

"வெயிட்டு இருக்கும்னு பயந்தேன்க்கா. பஞ்சு மாதிரி இருக்கு."

"மெதுவாப் போங்க. படி வழுக்கும்."

அவர் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார். நடைவழியில் ஒரு கணம் தயங்கினார். உடம்பை ஒடுக்கிக்கொண்டு, "சார், கொஞ்சம் ஓரமா," என்று சொல்லிவிட்டு, சுவரை ஒட்டி நகர்ந்து, வெளியே போய்ப் படியிறங்கினார்.

அவள் நடைவழியைப் பார்த்தாள். காலி. சுவர், செருப்பு, குடை.

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள். அவர் போனார் என்று எழுத வேண்டும். எழுந்து போனார், எங்கேயோ போனார், ஒரேயடியாகப் போனார். சேர்க்கும் இடம் இல்லை. முடிந்த ஏலத்தில் எதையும் சேர்க்க முடியாது. கடைசி வரி அப்படியே நின்றது. அவர் எழுந்தார்.

முன்னறையில் குளிர்ந்தது.

கீழே வண்டி கிளம்பும் சத்தம். வாசல் கதவு திறந்தே கிடந்தது. வெளியே வெயில், படிக்கட்டு, தெரு. சாவி ஆணியில் தொங்கியது. நாலே எட்டு. போய்விடலாம். அவள் செருப்பை மாட்டினாள். வாசலில் ஒரு கால் வைத்தாள். அண்ணியின் அந்த அறை. கேள்வி. பதில். மறுபடி கேள்வி.

காலை உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி நின்றாள்.

"நான் எங்கயும் போகல," என்றாள். குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள், உரக்க. "கேட்டுதா? இது என் வீடு. நீதான் போகணும்."

தரையில் ஒரு காலடி விழுந்தது.

அப்புறம் இன்னொன்று. அருகில். குளிர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. சவரச் சோப்பு. ஈரத்துணி. மூச்சு இல்லை.

அவள் நகரவில்லை. கண்ணையும் மூடவில்லை. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடிக்கற்றை தானாக மேலே எழுந்தது. எதுவோ ஒன்று அதை மெதுவாக, வெகு பிரியமாக ஒதுக்கி, அவள் காதுக்குப் பின்னால் செருகியது.