வெந்நீர்ச் சுனையில் இன்னொருத்தி

உட்கார்ந்த மணை சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு.

மித்சுயோ திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். ஜப்பானின் அகிதா மலைகளுக்கு நடுவே இருந்த அந்த வெந்நீர்ச் சுனை விடுதியில் அன்றைக்கு அவள் ஒருத்திதான் விருந்தாளி. பிற்பகலில் வந்து இறங்கியபோதே விடுதிக்காரி ஃபுசாயே சிரித்தாள்.

"இந்தப் பனியில குரங்குகூட வெளிய வராது, நீங்க டோக்கியோலேர்ந்து வந்து நிக்கிறீங்க! சுனை முழுக்க உங்களுக்குத்தான் போங்க. ஆமா, கோடையில ரெண்டு பேருக்குன்னுல்ல சொல்லி வச்சீங்க?"

"அக்கா செப்டம்பர்ல தவறிட்டாங்க."

ஃபுசாயேயின் சிரிப்பு அணைந்தது. "அடப்பாவமே, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டேன் நான்..." என்று குனிந்து வணங்கினாள்.

சுனையில் இறங்குமுன் உடம்பைக் கழுவிக்கொள்ளும் இடம் அது. பலகைக் கூரை, வரிசையாகக் குட்டி மணைகள், மரவாளிகள். கந்தக வாடையோடு ஆவி சுருள்சுருளாக எழும்பி வந்து கண்ணை மறைக்க, இலையுதிர்ந்த கிளைகளிலிருந்து பனி பொத்தென்று சரிந்து விழும் ஓசைகளுக்கு நடுவே, மிக அருகில், யாரோ வாளியில் தண்ணீர் மொண்டு மெல்லத் தன்மேல் ஊற்றிக்கொள்ளும் ஓசை ஒருமுறை கேட்டு நின்றது.

சுனைநீர் வழியும் சத்தமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறொரு மணைக்கு நகர்ந்து சோப்பைக் குழைத்தாள்.

முதுகில் ஒரு துணி பட்டது.

மேலிருந்து கீழே மூன்று இழுப்பு. தோளைச் சுற்றி ஒரு வட்டம். மறுபடியும் மூன்று இழுப்பு.

அப்படித் தேய்ப்பவள் உலகத்தில் ஒருத்திதான். சின்ன வயதில் கினுயே அக்கா தினமும் அப்படித்தான் தேய்த்துவிடுவாள். பயம் தொண்டைக்கு வருவதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"அக்கா?"

துணி நின்றது.

"மன்னிச்சிடுக்கா. வேலை, வேலைன்னு இருந்துட்டேன். நான் வந்திருக்கணும்."

கந்தக வாடைக்கு அடியில் இன்னொரு வாடை கசிந்தது. களிம்பு. ஈரப் பஞ்சு. இனிப்பாக அழுகும் ஏதோ ஒன்று.

பின்னால் மணை கிறீச்சிட்டது. துணி அவள் தோளைத் தாண்டி மடியில் வந்து விழுந்தது. ஒருத்தி தேய்த்து முடித்தால் அடுத்தவள் முறை.

மித்சுயோ திரும்பினாள்.

ஆவிக்குள் ஒரு முதுகு குனிந்து காத்திருந்தது. வெளுத்த முதுகு. எண்ணிவிடலாம் போன்ற எலும்புகள். இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி.

படுக்கைப் புண்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் போர்வையை விலக்கி அதைக் காட்டியபோது மித்சுயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரொம்ப எரியுதுடி" என்று அக்கா சொன்னதற்குக்கூடத் திரும்பவில்லை. அதற்கப்புறம் அவள் அங்கே போகவே இல்லை.

"தேய்டி" என்றது குரல். அக்காவின் குரலேதான். "அரிக்குது."

தேய்த்தாள். மெதுவாக. தோல் துணியோடு வந்தது.

"அழுத்தி."

கண்ணை மூடினாள்.

"கண்ணத் தொற. பாத்துத் தேய்."

திறந்தாள். அழுத்தினாள். துணி அந்தக் குழிக்குள் போயிற்று. விரல்கள் போயின. மணிக்கட்டும் போயிற்று. உள்ளே சில்லென்றிருந்தது. எலும்பு தட்டுப்படவே இல்லை.

"அப்பாடா" என்று நீளமாக மூச்சுவிட்டு, அந்த முதுகு சுகமாக அவள்மேல் சாய்ந்துகொண்டது.