இடது கையிலிருந்து எடுத்த நாக்கு

உணர்ச்சியே இருக்காது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்த அந்தப் பாதி நாக்கில் மூன்று நாளாகப் பாசித் தண்ணீரின் ருசி இருந்தது. பிச்சைக்கனி வாயைக் கொப்பளித்தான். மறுபடியும் கொப்பளித்தான். போகவில்லை. கஞ்சியும் மோரும் தவிர வேறெதுவும் இறங்காத வாய்க்குள் இந்தச் சனியன் பிடித்த ருசி எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

தம்பானூரில் பதினெட்டு வருஷம் பரோட்டா மாஸ்டர். கல்லுச் சூட்டில் நின்றபடியே கன்னத்தில் புகையிலையை அடக்கிவைத்ததில் நாக்கின் ஓரம் புண்ணாகி, புண் புற்றாகி, பாதியை வெட்ட வேண்டியதாயிற்று. முன்கைத் தோலை ரத்தக்குழாயோடு எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தால்தான் விழுங்கவும் பேசவும் முடியும் என்றார் மலையாளி டாக்டர்.

"இடது கையில பச்சை குத்தியிருக்கல்லோ. அது வாய்க்குள்ள வரும், கேட்டோ. வலது கையில எடுக்கட்டே?"

"வலது கை சோறு போடுற கை சார். மாவு வீசணும். இடதுலயே எடுங்க" என்று பெரிய புத்திசாலி மாதிரிச் சொன்னவன் அவனேதான்.

பச்சை குத்தியிருந்த பெயர் ஆவுடைத்தாய். முதல் மனைவி. இருபது வருஷத்துக்கு முன்னால், ஊரில், கிணற்றடியிலிருந்து "மச்சான்" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் வாய் நிறையப் புகையிலைச் சாறு. துப்பிவிட்டுப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தான். துப்பிவிட்டுப் போனபோது கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். இப்போதைய மனைவி மாடம்மாளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷிஜா வாராவாரம் அவன் எதிரில் உட்கார்ந்து, "சேட்டா, ஒருதரம் கூடெ. மா... டம்... மா" என்பாள். அவன் வாயிலிருந்து எச்சிலும் ஊளையும்தான் வரும். சிலேட்டில் எழுதலாம் என்றால் மாடம்மாளுக்கு எழுத்து தெரியாது. உப்பு கேட்டால் சொம்பு வரும். சொம்பைத் தள்ளிவிட்டால் அழுகை வரும். நேற்று சிலேட்டைச் சுவரில் அடித்து உடைத்தே விட்டான்.

"கோவப்படாதீங்க. ஒரு தடவ என் பேரச் சொல்லிருங்க, எனக்கு அது போதும்" என்றாள் அவள், சில்லைப் பொறுக்கியபடி. அவனுக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இன்று மத்தியானம் மழை கொட்டியது. கரண்டு போனதால் மோட்டார் ஓடவில்லை. கரமனையில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் பழைய கிணறு ஒன்று உண்டு. மாடம்மாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாளியோடு போனாள். ஓட்டுத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தமும், கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிற சத்தமும், அடுக்களை ஈரமும் சேர்ந்து அவன் வாயிலிருந்த ருசியை இன்னும் கெட்டியாக்கின. கண்ணாடியை எடுத்து வாயைத் திறந்து பார்த்தான். மங்கிப்போயிருந்த எழுத்துகள் புதிதாகக் குத்தியதுபோலக் கரும்பச்சையாக இருந்தன.

"ஏங்க, வாளி எதுலயோ மாட்டிக்கிச்சு."

ஜன்னல் வழியே பார்த்தான். கயிறு விறைத்து நின்றது. அவள் இழுத்தாள். வரவில்லை. பிறகு கீழேயிருந்து யாரோ கயிற்றை ஒருமுறை இழுத்தார்கள்.

அவள் பாசி பிடித்த சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்தாள்.

ஐயோ. கயிற்றை விடு. விட்டுவிடு. மூச்சை முழுக்க இழுத்து, மாடம்மா என்று கத்தினான். கத்த நினைத்தான். அசையாத அந்தப் பாதி அசைந்தது.

"ஆவுடைத்தாயி!"

எச்சில் இல்லை. ஊளை இல்லை. சுத்தமான குரல். மாடம்மாள் சட்டென்று திரும்பினாள். பேச்சு வந்துவிட்டது என்று அவள் முகம் மலர்ந்தது. எந்தப் பெயர் என்று புரிந்ததும் அப்படியே வாடிப்போயிற்று.

"என்ன மச்சான்?"

கேட்டது மாடம்மாள் இல்லை. அவள் மெல்லக் கிணற்றின் பக்கம் திரும்பினாள். "யாரது?" என்று எட்டிப் பார்த்தாள்.

அவன் ஓடினான். மழை. வழுக்கல். விழுந்தான். வேண்டாம், வந்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஆவுடைத்தாயி!"

"வாரேன் மச்சான்."

கப்பி தானாகச் சுற்றியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். கைகளுக்குள்ளே நாக்கு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கிணற்றுச் சுவரில் மாடம்மாளின் கை ஊன்றியிருந்தது. அதன் மேல், பாசி படிந்த இன்னொரு கை.