பில் போடாத ஐந்தாவது துண்டு

விரல் நீளப் பவளத் துண்டு ஒன்று எண்ணூறு. ஆயிரம் சொல்லி இருநூறு இறங்க வேண்டியதாயிற்றே என்பதுதான் அன்று துணிக்கடைக்காரரின் ஒரே வருத்தம்.

பவளம் வளர்ந்த உப்புநீர் மீன்தொட்டி அவர் மகளுடையது. பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனவள். "என்னைக் கடல்ல கரைச்சிடுங்கப்பா" என்பதுதான் கடைசியாகக் கேட்டது. கடலுக்கு இரண்டு நாள் பயணம். கடையைச் சாத்த வேண்டும். வீட்டிலேயே கடல் இருக்கும்போது வீண் செலவு எதற்கு? சாம்பலைத் தொட்டியில் கரைத்தார். நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத்தான் பவளம் தன் எலும்பைக் கட்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஆறே மாதத்தில், குட்டையாய்க் கிடந்த பவளம் ஐந்து கிளை விட்டு நின்றது.

"வெட்டினா சாகாதுண்ணே, பெருகும்," என்றான் மீன்கடைக்காரன். "துண்டைக் கல்லுல ஒட்டினா தனிப் பவளம். ஆனா அதே உசுருதான்."

"அசல் வீட்டுல, வட்டி வெளியில. வெட்டுப்பா!"

நான்கு பில் போட்டு விற்றார். ஐந்தாவதை, "பில் வேணாம்னா ஐம்பது குறைச்சுக்கலாம்" என்று, வழிப்போக்கர் ஒருவரிடம் தள்ளிவிட்டார்.

நான்காம் நாள், வாங்கிய டீச்சர் போனில் கூப்பிட்டார்.

"சார், உங்க பவளம் ராத்திரியில கண்ணாடியைத் தட்டுது. மும்மூணு தட்டா."

"தட்டுற பவளமா? அப்ப நான்தாங்க விலையில ஏமாந்துட்டேன்!" சிரித்தவர், போனை வைத்தபின் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீனுக்கு இரை போடுமுன் மகள் நகத்தால் மூன்று தட்டு தட்டித்தான் கூப்பிடுவாள்.

மனைவியிடம் சொன்னார். அவள் அழவில்லை. "எம்புள்ளைய எத்தனை வீட்டுக்குங்க வித்தீங்க?"

வாழ்க்கையில் முதன்முறையாகப் பேரம் பேசாமல் திரும்ப வாங்கினார். நான்கு பில், நான்கு வீடு, நான்கு துண்டு. நான்கையும் தொட்டிக்குள் கற்களில் ஒட்டி வைத்தார். ஐந்தாவதற்கு முகவரி இல்லை.

அன்றிரவு தொட்டி விளக்கை அணைத்ததும், மோட்டாரின் முனகலுக்கும் நீர்க்குமிழிகளின் சலசலப்புக்கும் அடியில், உப்பு வாடையோடு கலந்து, மகள் தலைக்குத் தேய்க்கும் சீயக்காயின் மணம் மெல்ல எழுந்து கூடமெங்கும் பரவியது. பிறகு சத்தம். கல் உரசும் சத்தம். நின்றது. மறுபடி.

டொக்.

டொக். டொக்.

விளக்கைப் போட்டார்.

துண்டுகள் ஒட்டிய இடத்தில் இல்லை. வெட்டிய பவளத்தின் அடிக்கட்டையில் ஏறியிருந்தன. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டி. நுனிகளில் நகம். கண்ணாடியில் அழுந்திய உள்ளங்கை. ஓரத்தில் வெட்டுவாய், வெள்ளையாய்க் கசிந்தபடி.

மனைவி வெளியிலிருந்து தன் கையை அதன்மேல் பொருத்தினாள். விரல்களை எண்ணினாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

விற்றது ஐந்து. திரும்பியது நான்கு. கட்டைவிரல் பாக்கி.